பேரரசின் மீது ஒரு குற்றப்பத்திரிகை

(பிள்ளையார்குப்பத்தில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



“பேரரசுகளின் பாவமும் இறைத்தீர்ப்பும்” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். திருவிவிலியம் சொல்லும் பாபிலோன் இன்றைக்கு எந்த நாடு, அது எந்த ஆண்டு விழும் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்வேன் என எதிர்பார்த்துச் சிலர் வந்திருக்கலாம். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்; கைப்பேசியைத் திறந்தாலே வந்து நிற்பார்கள். நான் எதிர்காலத்துக்குப் போகப்போவதில்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நடந்து முடிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற கூட்டம் இது. அதனாலேயே இந்தக் கதையை இங்கே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

1748-ஆம் ஆண்டு. புதுச்சேரியில் துய்ப்ளே கவர்னர். ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பாஸ்கவென் ஆகஸ்டில் வந்து நகரை முற்றுகையிட்டார். அப்போது சேசு சபைக் குருக்களின் கோவிலுக்குப் பக்கத்திலேயே வேதபுரீஸ்வரர் கோவில் இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது குருக்களின் நெடுநாள் ஆசை. முந்தைய கவர்னர்கள் ஊர் பகைத்துக்கொள்ளும் என்று தயங்கினார்கள். முற்றுகைக் குழப்பத்தில் அந்தத் தயக்கம் போய்விட்டது. செப்டம்பரில் கோவிலை இடித்தார்கள். சபைத் தலைவர் கர்து சாமியார் பெரிய சுத்தியலோடு வந்து, லிங்கத்தைக் காலால் உதைத்து உடைத்தார் என்று ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். துய்ப்ளேயின் மனைவி அங்கே வந்து நின்று உற்சாகப்படுத்தியதையும் எழுதுகிறார். பிள்ளை துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர்; கவர்னருக்கு மிக நெருக்கமான தமிழர். ஊர்ப் பெரியவர்கள் அவரிடம் ஓடிவந்து முறையிட்டார்கள். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இனி அடுத்த காட்சி. பன்னிரண்டு ஆண்டு கழித்து 1760-இல் எய்ர் கூட் தலைமையில் ஆங்கிலேயர் மீண்டும் முற்றுகையிட்டார்கள். இந்த முறை உள்ளே இருந்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. 1761 ஜனவரி நடுவில் நகரம் பசியால் விழுந்தது. சென்னைக் கவர்னர் பிகட் வந்தார். கோட்டை, கவர்னர் மாளிகை, மதில் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1758-இல் லாலி, இங்கிருந்து தெற்கே தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்திருந்தார். அதற்குப் பழி இது. லாலியைச் சிறைப்படுத்தி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பிரான்சு தன் தளபதிக்கே துரோகக் குற்றம் சாட்டி 1766-இல் பாரிசில் தலையை வெட்டியது. துய்ப்ளேயை அதற்கு முன்பே, 1754-இல், திருப்பி அழைத்திருந்தார்கள். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு பண வழக்காடியே பாரிசில் நொடிந்துபோய் 1763-இல் செத்தார்.

“அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்” என்று நம்மூரில் சொல்வார்கள். இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தப் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது. கோவிலை இடித்தான், ஊர் இடிந்தது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு ஓர் இடத்தில் உதைக்கிறது.

1760 நவம்பர் கடைசியில், உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருந்தபோது, சாப்பாட்டு வாயைக் குறைக்க லாலி ஒரு வழி கண்டுபிடித்தார். நகரில் இருந்த தமிழ் மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆண், பெண், குழந்தை என்று சுமார் 1,400 பேர் என்கிறார் அந்தப் போர்களின் வரலாற்றை எழுதிய இராபர்ட் ஓர்ம். ஆங்கிலேயக் காவல் அவர்களை அந்தப் பக்கம் விடவில்லை, திருப்பி அடித்தது. இந்தப் பக்கம் வந்தால் பிரெஞ்சுத் துப்பாக்கி. இரண்டு படைக்கும் நடுவே வயலில் புல்லையும் வேரையும் பிடுங்கித் தின்று எட்டு நாள் கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் கூட் வழிவிட்டார்.

லிங்கத்தை உடைத்தவர்கள் இவர்களா? இல்லை. இடித்த கோவிலில் கும்பிட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்த 1,400 பேரில் இருந்திருப்பார்கள். தீர்ப்பு என்று ஒன்று வந்ததென்றால் அதில் முதல் அடி விழுந்தது பாதிக்கப்பட்டவன் முதுகில்.

இன்னொன்றும் உண்டு. நகரம் விழுவதற்கு இரண்டு வாரம் முன்னால், 1761 ஜனவரி முதல் தேதி இரவு, பெரும் புயல் அடித்தது. முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களில் சில மூழ்கின, சில அரியாங்குப்பம் பக்கத்துக் கரையில் மோதி உடைந்தன. ஏறத்தாழ 1,100 பேர் செத்தார்கள். புயல் கடவுளின் கோபம் என்றால் அவர் யார் பக்கம் நின்றார்? விடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் கடவுள் நம் பக்கம் என்று நினைத்திருப்பார்கள். பதினைந்து நாள்கூட அந்த நினைப்பு நிலைக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாம் இதே தவறைச் செய்தோம். நரம்பை, பன்னித்திட்டு, மூர்த்திக்குப்பம் எல்லாம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தக் காலை எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் வடிவதற்குள் “இது தீர்ப்பு” என்று மேடை போட்டுப் பேசினவர்கள் இருந்தார்கள். அந்தக் கடல் வேளாங்கண்ணியில் வாரிக்கொண்டு போனது யாரை? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்த திருப்பயணிகளை. லூக்கா 13-இல் இயேசுவிடம் இதே கேள்வி வருகிறது. சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்று ஒரே வார்த்தையில் அவர் மறுத்துவிட்டார். மறுத்த கையோடு கேட்டவர்களைப் பார்த்து, நீங்கள் மனம் மாறுங்கள் என்றார். செத்தவனை விசாரிக்க வந்தவனைத் திருப்பி விசாரித்தார்.

அப்படியென்றால் நாடுகளின் மேல் தீர்ப்பு என்பதே விவிலியத்தில் இல்லையா? பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் அது வேறு மாதிரி இருக்கிறது. இறைவாக்கினர்கள் இடிபாட்டைப் பார்த்துப் பாவத்தை ஊகிப்பதில்லை. கோட்டை உறுதியாக நிற்கும்போதே, வியாபாரம் கொழிக்கும்போதே, என்ன செய்தாய் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். குற்றப்பத்திரிகை முதலில் வருகிறது.

ஆமோஸ் நூலின் முதல் இரண்டு அதிகாரங்களைப் பாருங்கள். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டு. ஆள் ஆடு மேய்த்தவர், அத்திமரம் பார்த்தவர். படிப்பாளி வர்க்கம் இல்லை. எட்டு நாடுகளை வரிசையாகக் கூண்டில் ஏற்றுகிறார். காசா நகரம் ஊர் ஊராக மக்களைப் பிடித்து ஏதோமுக்கு விற்றது. தீர் நகரமும் அப்படியே விற்றது. அதோடு சகோதர உடன்படிக்கையையும் மறந்தது. அம்மோனியர் எல்லையை விரிப்பதற்காகக் கிலயாதின் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறினார்கள். மோவாபு, ஏதோம் அரசனின் எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கியது. இந்தக் கடைசிக் குற்றத்தில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. ஏதோம் அரசன் இஸ்ரயேலின் கடவுளை வணங்கியவன் இல்லை. அவனும் அந்நியன், அவன் பிணத்தை அவமதித்தவனும் அந்நியன். இஸ்ரயேலுக்கு இதில் ஒரு காசு நட்டமில்லை. ஆனாலும் ஆமோசின் கடவுள் அதைக் கணக்கில் எழுதுகிறார். யாரோ ஒருவர் புனிதம் என்று மதித்ததை இன்னொருவர் வெறுப்போடு உடைத்தால், உடைபட்டது நம்முடையதா இல்லையா என்று அவர் பார்ப்பதில்லை. 1748-ஐ நான் வைத்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான். சுத்தியலைப் பிடித்த கை என் மதத்தைச் சேர்ந்த கை. அதை மோவாபோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பட்டியலின் மற்ற வரிகளும் நம் கரையில் எதிரொலிக்கின்றன. உடன்படிக்கையை மறந்த கதையா? 1746-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் கொடுத்தால் நகரைத் திருப்பித் தருவேன் என்று ஆங்கிலேயருக்கு வாக்குக் கொடுத்தார். துய்ப்ளே அந்த வாக்கைச் செல்லாது என்று தள்ளிவிட்டார். எல்லையை விரித்த கதையா? 1749-இல் வில்லியனூரும் பாகூரும் அவற்றைச் சேர்ந்த ஊர்களும் பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கிடைத்தது, ஆர்க்காட்டு நவாபு யார் என்ற சண்டையில் சந்தா சாகிபுக்குப் படை கொடுத்ததற்குக் கூலியாக. பல்லவர் காலத்தில் வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு ஊர்களைத் தானமாகக் கொடுத்த செப்பேடு கிடைத்த பாகூர் அது. 1752-இல் அதே பாகூரில் இரண்டு கம்பெனிகளும் மோதிக்கொண்டன. ஏர் பூட்டினவனைக் கேட்டா கொடுத்தார்கள்?

ஆனால் ஆமோஸ் சொன்னதில் மிகக் கனமானது ஆள் விற்பனை. அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பிள்ளையின் நாட்குறிப்பில் 1743-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று இருக்கிறது. வேலை தருகிறோம் என்று ஏமாற்றியும் மயக்கியும் ஏழைகளை அழைத்துவந்து, இரவில் படகேற்றி அரியாங்குப்பத்துக்குக் கொண்டுபோய் ஒரு வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். தலையை மழித்துக் கறுப்புத் துணி கட்டிக் காலில் விலங்கிட்டு, கப்பல் வந்ததும் ஏற்றிவிடுவது வழக்கம். வாங்கியவன் ஐரோப்பியன். ஊர் ஊராகப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தவன் தமிழன். அரியாங்குப்பம் எங்கே இருக்கிறது? கடலூர் சாலையில் நாம் தினம் பேருந்தில் தாண்டுகிற இடம்.

திருவெளிப்பாடு 18-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சீர்திருத்தச் சபை நண்பர்கள் வெளிப்படுத்தின விசேஷம் என்பார்கள். பாபிலோன் என்ற பெயரில் அங்கே கூண்டில் நிற்பது உரோமைப் பேரரசு. அது விழுந்ததும் அழுகிறவர்கள் யார் என்பதை யோவான் கவனமாக எழுதுகிறார். அரசர்கள் அழுகிறார்கள், வணிகர்கள் அழுகிறார்கள், மாலுமிகள் அழுகிறார்கள். சரக்கு வாங்க ஆளில்லையே என்று அழுகிறார்கள். பிறகு சரக்குப் பட்டியல். பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கம், திராட்சை மது, கோதுமை, ஆடுமாடு, குதிரை, தேர் என்று ஒரு சுங்கச்சாவடிக் குறிப்பேடு மாதிரியே ஓடுகிறது. கடைசிச் சரக்கு மனிதர்கள். தங்கத்தில் தொடங்கிய பட்டியல் ஆளில் முடிகிறது. அந்தப் பட்டியலில் இருக்கிற பட்டும் முத்தும் வாசனைப் பொருளும் நம் தென்னகத் துறைமுகங்களிலிருந்தும் உரோமைக்குப் போயின. நம்முடைய அரிக்கமேடு அந்த வாணிபத்துக்குச் சாட்சி. அதுவும் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான். ஆனால் 1743-இன் படகுகளுக்கும் அதற்கும் பதினேழு நூற்றாண்டு இடைவெளி.

பிற்காலப் புதுச்சேரியிலும் அந்தப் பட்டியல் தொடர்ந்தது. அவுரி நீலம் தோய்த்த கினித் துணி இங்கே நெய்யப்பட்டு, சாயமேறி, கப்பலேறி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் கரைக்குப் போனது. அங்கே அந்தத் துணி பணமாகவே நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் அடிமை வாங்கக் கொடுத்த சரக்கில் இந்தியத் துணிக்குப் பெரிய பங்கு. நெய்தவனுக்கு அது தெரிந்திருக்காது. விற்றவனுக்குத் தெரியும். பேரரசின் பாவம் என்று நான் சொல்வது இப்படிப்பட்டதை. சாயத்தொட்டியில் நின்றவனும் தறியில் உட்கார்ந்தவனும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எல்லோர் உழைப்பும் போய்ச் சேர்ந்த இடத்தில் ஓர் ஆளின் காலில் விலங்கு மாட்டப்பட்டது.

ஆங்கிலேயர் வந்து பிரெஞ்சுக்காரரைத் தண்டித்தார்களே, அவர்கள் கடவுளின் கோல் இல்லையா என்று கேட்கலாம். எசாயா 10 இதற்கென்றே எழுதினது போல இருக்கிறது. அசீரியா ஆண்டவர் கையில் இருக்கிற கோல் என்று இறைவாக்கினர் ஒப்புக்கொள்கிறார். அடுத்த மூச்சிலேயே, வெட்டுகிறவனைவிட நான் பெரியவன் என்று கோடரி பெருமை பேசலாமா என்று அசீரியாவைப் பிடித்துக்கொள்கிறார். கோலுக்கும் விசாரணை உண்டு. கி.மு. 612-இல் நினிவே விழுந்தது. அதை வீழ்த்தியவர்களில் ஒருவரான பாபிலோனியருக்கு கி.மு. 539-இல் முறை வந்தது. பாபிலோன் எழுவதைப் பார்த்தே இறைவாக்கினர் அபக்கூக்கு கடவுளிடம் வழக்காடுகிறார்: கெட்டவனை அவனைவிடக் கெட்டவன் விழுங்குவதா நீதி? அந்தக் கேள்விக்கு நேரான பதில் அந்த நூலில் இல்லை. காத்திரு என்பதுதான் வருகிறது. எனக்கு அது திருப்தியான பதிலாகப் பட்டதில்லை. ஆனால் கேள்வியை வெட்டி எறியாமல் வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்களே, அதை மதிக்கிறேன்.

புதுச்சேரியை இடித்த கோல் அடுத்த பத்தாண்டில் என்ன செய்தது? 1770-இல் வங்காளத்தில் பஞ்சம். மூன்றில் ஒரு பங்கு மக்கள் அழிந்தார்கள் என்று அன்றைக்கே மதிப்பிட்டார்கள். ஆங்கிலக் கம்பெனி வரி வசூலை விடவில்லை. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தில் தாது வருசப் பஞ்சம் வந்தபோது இங்கிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு ஆட்சி பிற்பாடு தீயிலா முடிந்தது? 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று வாக்களித்தார்கள். அவ்வளவுதான். எல்லாப் பேரரசும் கந்தகமும் நெருப்புமாகப் போவதில்லை. கீழூரைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யக் கேட்டதில்லை, நெருப்பு இல்லாததால்தானோ என்னவோ.

திரும்ப ஆமோசிடம் வருகிறேன். அவர் பட்டியலில் முதல் ஆறும் அயல்நாடுகள். தமஸ்கு, காசா, தீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்போது கூட்டம் எப்படித் தலையாட்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஏழாவதாக அண்டை உறவான யூதா. எட்டாவதாக, முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற இஸ்ரயேல். நேர்மையாளனைக் காசுக்கும் ஏழையை ஒரு சோடிச் செருப்புக்கும் விற்றவர்கள் நீங்கள் என்கிறார். மற்ற நாடுகளுக்கு ஓரிரு வரி. இவர்களுக்குத்தான் நீளமான குற்றச்சாட்டு. நானும் இவ்வளவு நேரம் பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன் என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் தலையாட்டினீர்கள்.

கோவிலை இடிப்பதற்கு மூன்றாண்டு முன்னால், 1745 அக்டோபரில், அதே நாட்குறிப்பில் இன்னொரு செய்தி. அதே சேசு சபைக் குருக்களின் சம்பா கோவிலுக்குள்ளே ஒரு சுவர். ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சேரிக் கிறிஸ்தவர்கள். ஒரே பூசை, நடுவில் சுவர். சேரி மக்கள் ஒன்றுகூடிப் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இந்தச் சுவரை எந்தப் பேரரசு கட்டியது? துய்ப்ளே கட்டவில்லை. பக்கத்துக் கோவிலின் கல்லைப் பெயர்க்க ஓடிவந்த விசுவாசிகளுக்குத் தங்கள் கோவிலுக்குள் இருந்த சுவர் இடிந்தபோது வயிறு எரிந்தது. அந்தச் சுவருக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் தேர்ப் பவனி போகும் தெருவிலும் அவற்றை இன்றைக்கும் பார்க்கலாம். பெயர் சொல்ல வேண்டாம்; எந்த ஊர் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு செய்தி, இது நம் கையில் இருக்கிற புத்தகத்தைப் பற்றியது. 1761-இல் புதுச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர் கொள்ளையிட்ட பொருளில் ஓர் அச்சு எந்திரமும் இருந்தது. அதைச் சென்னைக்குக் கொண்டுபோய் வேப்பேரியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் ஃபப்ரீசியுசிடம் கொடுத்தார்கள். அரசாங்கத்துக்கு வேண்டியதையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்பது நிபந்தனை. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772-இல் வேப்பேரியில்தான் அச்சானது. சரக்கைப் பட்டியல் போட்டு வணிகரின் கண்ணீரைக் கேலி செய்கிற திருவெளிப்பாடு 18, கொள்ளையில் வந்த எந்திரம் இருந்த அச்சகத்திலிருந்து தமிழில் வெளியே வந்தது. ஃபப்ரீசியுஸ் நல்ல மனிதர், பெரிய தமிழறிஞர். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பேரரசின் பாவத்துக்கு வெளியே சுத்தமாக நின்று பேச நமக்கு ஓர் இடம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். விவிலியத்தைத் திறந்தாலே அதற்குள் நிற்கிறோம்.

அந்த இடத்தில் நின்றுகொண்டு என்ன செய்வது? தானியேல் செய்ததைச் சொல்கிறேன். அவர் பாபிலோன் அரண்மனையில் வேலை பார்த்தவர். பிள்ளையைப் போல அவரும் ஆளும் கூட்டத்தின் பக்கத்திலேயே இருந்தவர். ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு நீண்ட மன்றாட்டு இருக்கிறது. எருசலேம் அழிவதற்கு முன்பே அவர் இளைஞராகச் சிறைப்பட்டுப் போயிருந்தார். அந்த அழிவுக்குக் காரணமான எந்தத் தப்பும் அவர் செய்ததில்லை. ஆனாலும் அரசர்கள் செய்தது, முன்னோர்கள் செய்தது, தலைவர்கள் செய்தது எல்லாவற்றையும் தாமே செய்தது போல ஏற்றுக்கொண்டு வெட்கப்படுகிறார். பாபிலோன் செய்த கொடுமை அவருக்குத் தெரியாதா? அந்த மன்றாட்டில் அதைப் பற்றி ஒரு புகாரும் இல்லை.

பேரரசனைப் பார்த்துப் பேச வேண்டி வந்தபோதும் அவர் சாபம் போடவில்லை. நான்காம் அதிகாரம். நெபுகத்னேசரின் கெட்ட கனவுக்குப் பொருள் சொல்லிவிட்டு, அரசே, நீதியைச் செய்யும், ஏழைகளுக்கு இரக்கம் காட்டும், ஒருவேளை உமக்கு நல்வாழ்வு நீடிக்கும் என்று ஆலோசனை சொல்கிறார். தீர்ப்பு எழுதியாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் நினைத்திருந்தால் இந்த ஆலோசனைக்கு வேலையே இல்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு மாதம் அவகாசம் இருந்தது என்று நூல் குறிக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்குள் தானியேல் 9-ஐயும் ஆமோசின் முதல் இரண்டு அதிகாரங்களையும் வீட்டில் உரக்க வாசித்துவிட்டு வாருங்கள். நாட்குறிப்பு கிடைக்கிறவர்கள் 1745 அக்டோபர், 1748 செப்டம்பர்ப் பகுதிகளையும் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் பேசப்போவது நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி. பங்குப் பேரவையில் இருக்கிறவர்கள் கட்டாயம் வர வேண்டும். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.